இரைச்சல் விட்டு விட்டு அடங்கிய ஞாயிறு

யாரும் பேசாத நேரத்தில் எங்கள் வயர்லெஸ் பெட்டியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற இரைச்சல். தொலைவில் யாராவது பேசுவதற்காகப் பொத்தானை அழுத்தினால் அது சட்டென்று அடங்கி, அந்த இடத்தில் அவர் குரல் எழும். 1987 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது அடங்கியது, குரல் எழவில்லை. மறுபடி இரைந்தது. மறுபடி அடங்கியது. பெட்டி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். நாட்களைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. ஆனாலும் அன்றைய தேதியை இங்கே எழுதப் போவதில்லை. இறந்தவரின் குடும்பத்தார் இருக்கிறார்கள்.

எங்களில் மூன்று பேருக்கு அமெச்சூர் வானொலி உரிமம் இருந்தது. தொப்பூர் கணவாயில் டயர்க்கடை வைத்திருந்த பாய் ஒருவர். ராணுவத்தின் சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று, நல்லம்பள்ளியில் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஹவில்தார் இன்னொருவர். மூன்றாவது ஆள் நான். தர்மபுரியில் அரசு மருத்துவமனைக்கு எதிரே ஒரு மாடி அறையில் குடியிருந்த குமாஸ்தா. நான்காவதாகச் சேர்ந்தவர் அதியமான்கோட்டையில் குடியிருந்த அறிவியல் டீச்சர். தேர்வில் தேறிவிட்டார். போலீஸ் விசாரணை முடிந்து உரிமம் வருவதற்குத்தான் காத்திருந்தார். அதுவரை அவர் கேட்கலாம், பேசக் கூடாது.

திட்டம் ஹவில்தாருடையது, அதற்கான காரணம் பாயுடையது. கணவாயில் லாரி கவிழ்ந்தால் அந்தக் காலத்தில் யாராவது டெலிபோன் இருக்கும் இடத்தைத் தேடி ஓட வேண்டும். லைன் கிடைத்தால் உண்டு. அடிபட்டவர்களைப் பருத்தி மூட்டை மேலும் தக்காளிக் கூடை மேலும் கிடத்தி, வருகிற லாரியில் ஏற்றி அனுப்பியவர் பாய். அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் உயிரோடு மருத்துவமனை சேர்ந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாததுதான் தன்னைத் தூங்கவிடவில்லை என்று என்னிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

ஹவில்தார் சங்கிலி போல ஒன்றை விரும்பவில்லை. "சங்கிலின்னா ஒரு வளையம் அறுந்தா போச்சுங்க. ஒகேனக்கல்லுல வலை பாத்திருக்கீங்கல்ல? ஒரு கண்ணி பிஞ்சா மீனு தப்பிச்சிருமா?" என்பார். ஒவ்வொரு நிலையமும் மற்ற இரண்டு நிலையங்களையாவது கேட்க வேண்டும். ஒரு பெட்டி செத்தாலும் செய்தி வேறு வழியாகப் போய்ச் சேர வேண்டும். இதற்காக அவர் ஒரு கோடை முழுவதும் மேடு மேடாக ஏறினார். பாயின் கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. தொப்பூர்க் கரட்டுக் குன்றின் மேல் அவர் நின்று வெயிலைக் கண்ணாடியில் வாங்கித் திருப்புவார். அந்த மினுக்கல் எந்த மொட்டைமாடியிலிருந்து தெரிகிறதோ அங்கே அலையும் வரும் என்பது ஹவில்தாரின் கணக்கு. என் மாடிக்கு மினுக்கலும் வரவில்லை, பாயின் குரலும் வரவில்லை. டீச்சர் வீட்டு மாடிக்கு வந்தது. உடனே அங்கே நீளமான கம்பத்தில் ஆன்டெனா ஏறியது. ஹவில்தார் தன் கையால் செய்த பெட்டி ஒன்றும் வந்தது. மைக்கை மட்டும் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"லைசென்ஸ் வரட்டுங்க, மறுநிமிஷம் மைக்கு உங்க கையில. அதுக்கு முன்னால ஒரு வார்த்த காத்துல போச்சுன்னா எங்க மூணு பேரு லைசென்சும் போயிரும்."

"நான் என்னங்க, திருட்டு சாராயமா காச்சப் போறேன்?" என்று டீச்சர் சிரித்தார். ஹவில்தார் சிரிக்கவில்லை.

ஞாயிறுதோறும் காலையில் பயிற்சி. பாய் ஒரு கற்பனை விபத்தைச் சொல்வார். ஹவில்தார் அதை வாங்கி, ஒரு சொல் மாறாமல் எனக்குச் சொல்வார். நான் எழுதிக்கொண்டு, கிடைத்தது என்பேன்; நிஜமென்றால் எதிரே மருத்துவமனைக்கு ஓடி ஆம்புலன்சை அனுப்ப வேண்டும். யாராவது தற்செயலாகக் கேட்டுப் பதறிவிடக் கூடாது என்பதற்காக, செய்தியின் தொடக்கத்திலும் முடிவிலும் 'பயிற்சி' என்று சொல்லியாக வேண்டும். அந்தச் சொல் இல்லாவிட்டால் அது நிஜம். இந்த விதியை எழுதியவரும் ஹவில்தார்தான். ஒரு வாரம் பாய் அதைச் சொல்ல மறந்தபோது, அதே செய்தியை அவரிடம் மூன்று முறை சொல்ல வைத்தார்.

பாய்க்கு அலுப்பு. "இங்க நெசமாவே லாரி வுழுந்துக்கிட்டிருக்கு. ஹவில்தார் சார் வாராவாரம் பொய் லாரி ஒண்ணு உருட்டச் சொல்றாரு. எந்த லாரியப் பாத்தாலும் இப்ப எனக்குச் சந்தேகமா இருக்கு" என்பார்.

அந்த ஞாயிறன்று பயிற்சி நேரத்துக்குச் சற்று முன்னதாகவே ஹவில்தாரின் குரல் வந்தது. வழக்கமான குரல்; அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. "பயிற்சி. தொப்பூர் இரட்டை வளைவு. லாரி கவிழ்ந்து பள்ளத்தில். டிரைவரும் கிளீனரும் உள்ளே சிக்கியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் உடனே தேவை. பயிற்சி." நான் எழுதிக்கொண்டேன். கிடைத்தது என்றேன். பாய் இன்று சீக்கிரமே கடையைத் திறந்துவிட்டார் போலும் என்று நினைத்தபடி காபியை எடுத்தேன்.

அப்போதுதான் இரைச்சல் அடங்கி அடங்கி எழுந்தது. ஹவில்தாரும் அதைக் கேட்டுவிட்டார். "யாருங்க அது? கால்சைன் சொல்லுங்க. கால்சைன் சொல்லாம உள்ள வரக் கூடாது" என்று, உரிமத்தோடு ஒவ்வொரு நிலையத்துக்கும் தரும் அழைப்புக் குறியைக் கேட்டு அதட்டினார். அவர் பொத்தானை விட்டதும் மறுபடி அதே. குட்டை அமைதி, நெட்டை அமைதி, குட்டை அமைதி. பிறகு ஒரே ஒரு குட்டை. குட்டையும் நெட்டையும். என் கை பென்சிலை எடுத்ததை நான் கவனிக்கவே இல்லை. மோர்ஸ் எழுத்துகள். ஆர். ஈ. ஏ. எல். திரும்பவும் ஆர். ஈ. ஏ. எல். ரியல். பயிற்சி இல்லை, நிஜம்.

அந்த நொடியில் உடம்புக்குள் என்ன நடந்தது என்று இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. காதுக்குள் ரத்தம் ஓடும் ஓசை கேட்டது. காபி டம்ளர் எங்கே போனது என்று தெரியாது. படிகளில் இறங்கியதும் நினைவில் இல்லை. மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் டிரைவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "தொப்பூர், தொப்பூர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேனாம். அவர் பிறகு சொன்னார்.

டீச்சரின் ஆன்டெனா ஒன்றுதான் பாயின் குரலையும் கேட்டது, ஹவில்தாரின் குரலையும் கேட்டது. பாய் 'பயிற்சி' என்ற சொல்லைச் சொல்லவில்லை. தொடக்கத்திலும் இல்லை, முடிவிலும் இல்லை. விதிப்படி அதுவே நிஜம் என்பதற்கு அடையாளம். அதற்கு மேல் அலறத் தேவையில்லை என்று நம்பிப் பள்ளத்துக்கு ஓடிவிட்டார். அடுத்து எழுந்த ஹவில்தாரின் குரலில் டீச்சர் அந்தச் சொல்லைக் கேட்டார், இரண்டு முறை. பேச மைக் இல்லை. மைக் செருகும் துளையிலிருந்து வந்த இரண்டு கம்பிகளைச் சேர்த்தால் பெட்டி அலை அனுப்பும். குரல் இராது, இரைச்சல் மட்டும் அடங்கும். தேர்வுக்காகப் படித்த மோர்ஸ் விரலில் இருந்தது. கம்பிகளைச் சேர்த்தும் பிரித்தும் அடித்திருக்கிறார்.

பள்ளத்திலிருந்து இருவரையும் உயிரோடுதான் எடுத்தார்கள். டிரைவர் பிழைத்தார். கிளீனர் அன்று பிற்பகல் இறந்தார். நாங்கள் இழந்தது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது ஆறுதலா தண்டனையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது அந்த வளைவில் வண்டி கவிழ்ந்தால், தூசு அடங்கும் முன்பே கைபேசிகள் மேலே எழுகின்றன. செய்தி ஆயிரம் பேரைத் தாண்டி என்னிடம் வருகிறது. ஆள் மாறும்போதெல்லாம் ஒரு சொல் கூடுகிறது, ஒரு சொல் கழிகிறது. அனுப்பியவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. நான் அறிந்தவர்களில் மிகக் கட்டுப்பாடான மனிதர், ஒரு சொல் மாறக் கூடாது என்று எங்களை வதைத்தவர், யாரும் சொல்லாத ஒரு சொல்லைக் கேட்டார் என்பதை நான் அருகிலிருந்து பார்த்தவன்.

அன்று பிற்பகல் மருத்துவமனை வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். பாயின் சட்டையெல்லாம் டீசலும் ரத்தமும். ஹவில்தார் மொபெட்டை நிறுத்திவிட்டு நேராக அவரிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏன் பாய், பயிற்சின்னு சொன்னீங்க? ரெண்டு தடவ சொன்னீங்களே. என் காதால கேட்டேனே."

பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். நடந்தது என்ன என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். அவர் கண்ணில் கோபம் வந்ததைப் பார்த்தேன். அது போனதையும் பார்த்தேன். எதிரே நிற்பவர் பொய் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது.

"பழக்கத்துல வந்திருக்குங்க ஹவில்தார் சார். என் வாய்தான். வுடுங்க."

"வாராவாரம் சொன்னேனே பாய்..." என்றார் ஹவில்தார்.

டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய டீச்சர் இதைக் கேட்டபடிதான் எங்களிடம் வந்தார். பாய் அவரைப் பார்த்து, வேண்டாம் என்பது போலத் தலையை லேசாக அசைத்தார். டீச்சர் நிற்கவில்லை.

"இல்லீங்க. பாய் அந்த வார்த்தைய சொல்லல. நீங்கதான் சொன்னீங்க. நான் லைசென்ஸ் இல்லாம கம்பியத் தொட்டது தப்பு. மேல எழுதிப் போடுங்க, வர்றது வரட்டும். ஆனா இத இப்படியே மூடி வெச்சா, அடுத்த லாரிக்கும் இதேதாங்க நடக்கும்."

"டீச்சரம்மா..." என்றார் பாய்.

ஹவில்தார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அவர் கத்தப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அழப் போகிறார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் கால்களைச் சேர்த்து, நிமிர்ந்து நின்றார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் மறுபடி சொன்னார். ஹவில்தார் கேட்டார். பிறகு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அதைத் திருப்பிச் சொன்னார்.

"பாய் சொல்லல. நான்தான் சொன்னேன். சரியாங்க?"

"சரிங்க" என்றார் டீச்சர்.