நேர்த்திப் பாண் தின்ற அணி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பற்றிக் என்ற பையனுக்கு முழங்கால் சவ்வு அறுந்தது ஓர் அரையிறுதி ஆட்டத்தில். சத்திரசிகிச்சை, ஊன்றுகோல், உடற்பயிற்சி என்று ஒரு வருடம் அநியாயமாகப் போனபிறகு கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குத் திரும்பி வந்திருந்தான். முன்பு கார்ட் இடம் அவனுடையது. பந்தைத் தட்டிக்கொண்டு வருவதும், யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பதும் அவன்தான். அவன் இல்லாத வருடத்தில் மாளிகாவத்தை ஷிப்லி அந்த இடத்துக்கு வந்துவிட்டான். அதில் பற்றிக்குக்குக் கோபமில்லை. கதிரை வெறுமையாகக் கிடந்தால் எவனும் உட்காரத்தான் செய்வான். மோதிப் பார்த்து இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான். மோதுவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

எல்லாம் அவன் தாய் மாக்ரெட் பார்த்த வேலை. மகனுக்குக் கால் சுகமானால் அந்தோனியாருக்குப் பாண் ரொட்டி கொடுப்பதாக நேர்ந்திருந்தாள். சுகமானது. கொச்சிக்கடைக் கோயில் வாசலில் ஏழைகளுக்குக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாளா? ஒரு செவ்வாய்க்கிழமை கூடை நிறையப் பாணோடு மைதானத்துக்கே வந்துவிட்டாள். ஒவ்வொருவன் கையிலும் ஒரு துண்டை வைத்து, "தம்பி, இவன்ர காலில மட்டும் இடிச்சுப் போடாதீங்கோ. அந்தோனியார் தந்த கால்" என்று வாக்கு வாங்கினாள். மென்றுகொண்டே எல்லாரும் தலையாட்டினார்கள். ஷிப்லியும்தான். அவன் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினான்.

அன்றிலிருந்து பயிற்சியில் பற்றிக் பந்தோடு வந்தால், சொரூபம் ஊர்வலமாக வரும்போது விலகுகிற சனம் மாதிரி அத்தனை பேரும் விலகினார்கள். தடுக்க ஆளில்லாமல் பந்து பந்தாகக் கூடைக்குள் போட்டான். ஒன்றுக்காவது மரியாதை உண்டா? ஆட்டத்துக்கு ஆட்டம் பெஞ்சைத் தேய்த்ததுதான் மிச்சம். பொறுக்க முடியாமல் ஒருநாள் கோச் கொன்ஸ்ரன்ரைனிடம் போய் நின்றான்.

"ஏன் சேர் என்னை இறக்கிறீங்களில்லை?"

"இஞ்ச உன்னை ஒருத்தனும் தொடுறானில்லை. மச்சில எதிரணிக்காரங்கள் தொடுவாங்கள். நீ தாங்குவியோ எண்டு தெரியாம எப்படி இறக்கிறது?"

நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் ஆத்திரம் இன்னும் கூடியது. நேரே போய் ஷிப்லியின் சட்டையைப் பிடித்தான்.

"இடியடா என்னை!"

"அன்ரிக்கு வாக்குக் குடுத்தேன்டா. அவங்க பாணைத் திண்டுட்டு ஒன்ன இடிக்க ஏலுமா?"

அன்று பின்னேரம் வீட்டில் வெடித்தான். மாக்ரெட் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ர இடத்தைப் பறிச்சது ஷிப்லி இல்லை. நீங்கள்தான் அம்மா."

"கால் ஏலாமல் கிடக்கேக்க ஆரடா உன்னைத் தூக்கித் திரிஞ்சது?"

"அதுக்காக என்னைப் பெஞ்சிலயே வச்சிருக்கப் போறீங்களோ? நீங்களே வந்து சொன்னதைத் திருப்பி எடுங்கோ."

மாட்டேன் என்றாள். அவன் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கடைசியில் கல்லுத்தான் வென்றது. அடுத்த பயிற்சிக்கு மாக்ரெட் வெறுங்கையோடு வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"தம்பி ஷிப்லி, நான் கேட்டதை விட்டிடுங்கோ. இடியுங்கோ" என்று சொல்லிவிட்டு, ஓரமாகப் போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

கோச் விசில் ஊதினார். பற்றிக் பாய்ந்தான். ஷிப்லியின் தோள் நெஞ்சில் இடித்தது. பற்றிக் தரையில் கிடந்தான்.

"மாதாவே!" என்று தாய் கத்தினாள்.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அவன் சிரித்துக்கொண்டே எழும்பினான். அத்தனை மாதத்தில் அப்படியொரு சந்தோசம் அவனுக்கு வந்ததில்லை. மறுபடி போனான். ஷிப்லி பந்தைத் தட்டிப் பறித்தான். அடுத்த முறை பற்றிக் இடப்பக்கம் வெட்டிப் பார்த்தான். அங்கேயும் ஷிப்லி முன்கூட்டியே வந்து நின்றான். கால் தாங்கியது, ஆனால் அது போக நினைத்த இடத்துக்கெல்லாம் ஷிப்லி முதலே போய்விட்டான். சிரிப்புப் போய்க் கோபம் வந்தது. கோபத்தை யார் மேல் போடுவது என்று பார்த்தால் ஒருவரும் மிஞ்சவில்லை.

"கால் நல்லா இருக்கு. சனிக்கிழமை ஷிப்லி இறங்கட்டும். நீ அவனுக்குப் பிறகு" என்றார் கோச்.

மாக்ரெட் கண்ணைத் திறந்தாள். விறுவிறுவென்று கோச்சிடம் வந்தாள்.

"ஏன் சேர்? இப்பதான் இடிச்சாங்களே! பிள்ளை விழுந்து விழுந்து எழும்பினானே! இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

ஷிப்லி குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தான். பற்றிக்குக்கு மானம் போனது. தாயின் கையைப் பிடித்து இழுத்தான்.

"விடுங்கோ அம்மா. அவன் என்னைவிட நல்லா விளையாடுறான்."

"ஆர் சொன்னது?" என்று அவள் சீறினாள்.

அவன் தாயின் கையை விடவில்லை.

"நான்தான் அம்மா சொல்லுறன்."