இரண்டு சிஸ்டம் இருந்த லேப்டாப்

அன்று கடையில் இருந்தது மூன்றே பேர்: நான், ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் என் மனைவி, காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் ஒரு பெண். புதுச்சேரி லாஸ்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். படித்தது எட்டாவது. வேலையைக் கண்ணால் பார்த்துக் கற்றவன், அதனால் ஒவ்வொரு முறையும் பயம்தான்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு சிஸ்டம் இருந்தன. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். விண்டோஸ் கெட்டுப்போய்ப் பாதியில் நின்றது. அதை மட்டும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும்.

"நாலு வருஷ ஆராய்ச்சி லினக்ஸ்ல இருக்குண்ணா. போச்சுன்னா கைடு என்னை உயிரோட விடமாட்டாரு."

"எல்லாமே லினக்ஸ்லதானம்மா?"

"எல்லாமே."

ஹார்ட் டிஸ்கில் லினக்ஸ் இருக்கும் பகுதியின் அளவைச் சீட்டில் எழுதி, 'தொடாதே' என்று போட்டுத் திரையோரம் ஒட்டினேன். அழிக்கும் முன் நாலு தடவை ஒப்பிட்டேன்.

"ஏங்க, சாமி படம் மாதிரி அதயே பாத்துக்கினு இருந்தா எப்ப முடியும்?" என்றாள் மனைவி.

விண்டோஸ் ஏறியது. மறுபடி ஆன் செய்தபோது எது வேண்டும் என்று கேட்கவே இல்லை. நேராக விண்டோஸ் வந்தது. புதிதாக ஏறும் சிஸ்டம் வாசலில் தானே நின்றுகொள்ளும், உள்ளே இருப்பது எங்கும் போகாது என்று தெரியும். தெரிந்தும் ஒட்டிய சீட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணா, போயிடுச்சா?"

லினக்ஸ் ஏற்றி வைத்திருந்த பென்டிரைவைச் செருகி அதிலிருந்து ஆன் செய்தேன். ஃபோல்டர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. தொடக்கப் பட்டியலைச் சரிசெய்ததும் இரண்டு பெயரும் வந்தன. அவள் அழுதேவிட்டாள். என் மனைவி டீ வாங்கப் போனாள்.

டீ வருவதற்குள் அந்தப் பெண் விண்டோஸைத் திறந்து, "டெஸ்க்டாப்ல ஒரு ஃபைல் இருந்துச்சேண்ணா" என்றாள். கைடு திருத்திய கடைசி அத்தியாயம். மூன்று வாரமாக அங்கேயே டைப் அடித்திருக்கிறாள்.

"எல்லாமே லினக்ஸ்லன்னு சொன்னீங்களேம்மா."

"ஆராய்ச்சி லினக்ஸ்லதாண்ணா. இது டைப் அடிச்சதுதானே."

தொடக் கூடாததையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்கப்போவதில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை திறந்து பார்க்கவில்லை. அதே பென்டிரைவிலிருந்து முதலிலேயே பார்த்திருக்கலாம். அழிந்த ஃபைலை மீட்கும் சாஃப்ட்வேர் போட்டேன். ஃபைல் வந்தது, திறந்தால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக இருந்தது.

கைடு திருத்திக் கொடுத்த அத்தியாயம் காகிதத்தில் இருந்ததால் டைப் அடிக்கும் இடத்தில் கொடுத்து மறுபடி அடிக்கச் சொன்னோம். கூலி நாலாயிரம். நான் தருகிறேன் என்று நானே சொன்னேன். பாதித் தப்பு அந்தப் பெண்ணுடையது என்கிறாள் மனைவி. இருக்கலாம், ஆனால் இன்னொரு தரம் கேட்டிருக்க வேண்டியவன் நான். இதுவரை ஆயிரத்து ஐந்நூறு கொடுத்திருக்கிறேன். இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு பாக்கி.