கடைசி மடிப்பு

பைண்டர் எந்தப் புத்தகத்தையும் முழுசாகப் படித்தவரல்ல. தைக்க வரும் தாள் மடிப்புகளில் கண்ணில் பட்டதைப் படிப்பார். யூதர்களின் பழைய வேதத்து யோபு கதையில், பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடம் நண்பர்கள் பேசிய நியாயத்தை அப்படித்தான் படித்தார். அண்ணன் மகன் இறந்த வீட்டில் அதையே எடுத்துவிட்டார்: "பாவம் இல்லாம இப்படி நடக்குமாண்ணே?"

அண்ணன் பேச்சை விட்டுப் பத்து வருஷம்.

யோபு கதைக்கு எழுதிய புது உரை தைக்க வந்தது. கடைசி மடிப்பில், அந்த நண்பர்கள் பேசியது தப்பென்று கடவுளே கோபித்திருந்தார். அவர்களுக்காக வாதாடிய பழைய உரைக்காரர்களைப் புது உரை எழுதியவர் மறுத்திருந்தார்.

பசைக் கையோடு அண்ணன் வீட்டுக்கு ஓடினார்.

"கடைசி மடிப்பை இன்னைக்குத்தாண்ணே படிச்சேன். நான் சொன்னது தப்பு."

"எம் புள்ள பாவம் செய்யலைன்னு புரிய உனக்குப் புத்தகம் வேணுமாடா?"

பைண்டரின் விரலில் பசை காய்ந்து இழுத்தது.