மாமா சொன்ன பாம்புச் சங்கதி

என் தாய்மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். எல்லைப் பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்கும் நேரமெல்லாம் கைப்பேசியில் உலக அதிசயங்களைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லைக்கு இப்பால் லாயாங் லாயாங் ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து கொட்டுவார். தங்கமீனுக்கு மூன்று நொடிக்கு மேல் எதுவும் நினைவிருக்காது. டுரியான் பழம் தின்றுவிட்டுக் கோலா குடித்தால் ஆள் காலி. குகையை விட்டுக் கிளம்பும் வௌவால் இடப்பக்கம் மட்டுமே திரும்பும். "சோத்தத் தின்னுட்டுப் புளுகுடா" என்பார் அம்மா. நான் ஒன்றையும் விடாமல் நம்பினேன். பள்ளியில் போய்ச் சொல்லி ஆசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகும் நம்பினேன்.

எனக்கு ஒன்பது வயது. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மூலையில் கிடந்த வாளிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு நாகம் ஊர்ந்து வந்து, எனக்கும் கதவுக்கும் நடுவில் படமெடுத்தது. கையிலிருந்த குவளை விழுந்த சத்தத்தில் மாமாதான் வந்தார்.

"அசையாத பாப்பா," என்றார். சாப்பாட்டு மேசையில் பேசும் அதே குரல். "ஒனக்கு ஒன்னு தெரியுமா? அசையாம நிக்கிற ஆள பாம்பு மரம்னு நெனச்சிக்கும்."

"நெசமாவா மாமா?"

"நெசம்லா! மரத்தக் கடிச்சா அதுக்குப் பல்லு போயிரும். அதான் கிட்டவே வராது. மரம் அழுவுமா? அழுவாது. நீயும் அழுவாத."

பேசிக்கொண்டே தன் சிவப்புச் சட்டையைக் கழற்றினார். பாம்புக்குச் சிவப்பு என்றால் உயிர் என்றார். சட்டையைத் தரையோரம் மெல்ல ஆட்டினார். படம் என்னை விட்டு அவர் பக்கம் திரும்பியது.

"இப்ப மரம் மெதுவா தண்ணித் தொட்டி மேல ஏறுமாம்."

நான் ஏறினேன். பாம்பு சட்டையைக் கொத்தியது. அவர் சட்டையை அதன்மேல் எறிந்துவிட்டு, ஒரே எட்டில் உள்ளே வந்து என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். கதவைச் சாத்திய பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டார். பாம்பு தண்ணீர் போகும் துளை வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டது.

அடுப்படியில் மாமா தரையிலேயே உட்கார்ந்தார். அம்மா கொடுத்த தேநீர் அவர் கையில் தளும்பிச் சிந்தியது.

"பாம்பு மரம்னு நெனச்சிக்கும்னு எங்கடா படிச்ச?" என்று அம்மா அழுதுகொண்டே கேட்டார்.

"எங்கயும் படிக்கலக்கா. வாயில வந்தத சொன்னேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "பொய்யா சொன்னீங்க?" என்று கத்தி அழுதேன். மாமா தன் காதைத் தொட்டு, "மன்னிச்சிக்க பாப்பா" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் வரை யோசித்து, பெரிய மனது பண்ணி அவரை மன்னித்தேன். நன்றி சொல்ல வேண்டியவள் நான் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.