சைபனோபிராங்கியேற்றாவும் ஹனிபாவின் வாளியும்

ஒரு வாளிக்கு முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறீர்களா? நான் நேற்று நின்றேன்.

விஷயம் போன மாதம் தொடங்கியது. கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் விலங்கியல் ஆய்வுகூடத்துக்கு ஓர் உதவியாள் தேவை. போத்தல் கழுவ வேண்டும், தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டும், பிராணிகளைச் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்! நேர்முகப் பரீட்சைக்கு மூன்று பேர் உட்கார்ந்தோம் – மேலிடத்து அதிகாரி, அதிபர், பெற்றோர் சார்பில் நான். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை...

முதலில் கல்முனைக்குடி ஹனிபா வந்தார். கரைவலை இழுக்கிறவர். செய்முறைப் பரீட்சைக்கு வருடாவருடம் உயிர்ச் சங்கும் நண்டும் கொண்டுவந்து தருகிறவரும் அவரே. வாடைக்காற்று மாதங்களில் கடலில் வலை போட முடியாது. வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மூன்று குமர்ப்பிள்ளைகள். அந்த நாட்களில் ஒரு நேரம்தான் அடுப்பு எரியும். இந்த வேலை கிடைத்தால் அந்தக் கவலை தீரும்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சைபனோபிராங்கியேற்றா என்றால் என்ன?"

"அந்தப் பேரு எனக்குத் தெரியா சேர். என்ன சாமான் எண்டு சொன்னீங்கண்டா, கொண்டு வந்து காட்டுவன்."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்."

ஹனிபா போய்விட்டார். அடுத்தவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. கேள்வி முடியவில்லை, பதில் வந்து விழுந்தது.

"குழாய் நீட்டிச் சுவாசிக்கும் மெல்லுடலிகள், சேர்!"

வேலை அவருக்கு.

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. போத்தல் கழுவுகிறவனுக்கு இந்தச் சொல் எதற்கு? பல்கலைக்கழகத்திலாவது இதைத் தினமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்களா? கேள்வி அந்த மடிப்புச் சட்டைக்காரர் வீட்டுக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்ததா? ஒருவனைக் கழித்துவிட வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால், அதற்கென்று ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள் நம் அதிகாரிகள்!

இனி நேற்றைய கதை. செய்முறைப் பரீட்சைக்கு இரண்டே நாள். புது உதவியாளர் என்ன செய்தார் தெரியுமா? ஹனிபா முன்பு விட்டுப்போயிருந்த சங்குகள் கிடந்த தொட்டியைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிவிட்டார். அத்தனையும் செத்து நாறின. அதிபர் வெட்கத்தை விட்டு ஹனிபாவுக்கு ஆள் அனுப்பினார். என்னையும் கூப்பிட்டார். அதிகாரியும் பரீட்சை ஏற்பாடுகளைப் பார்க்க வந்திருந்தார்.

ஹனிபா வந்து மேசையில் வாளியை வைத்தார். கடல் தண்ணீர், அடியில் மணல், ஐந்தாறு வகைச் சங்குகள்.

"சேர், அண்டைக்கு ஒரு பேரு கேட்டீங்களே... அது இதுக்குள்ள எது?"

அதிகாரி அதிபரைப் பார்த்தார். அதிபர் என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.

ஹனிபா விரலால் காட்டினார். மணலுக்குள் புதைந்து கிடந்த ஒரு சங்கு, மூக்கைப் போல ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுவா சேர்? இதாலதான் மூச்செடுக்கும். தொட்டா உள்ள இழுத்திரும். கடல் தண்ணியத் தவிர வேற தண்ணி ஆகா."

"ஓம்... ஓம், அதுதான்" என்றார் அதிகாரி. சொல்லும்போது அவர் வாளிக்குள் பார்க்கவே இல்லை.

ஹனிபா என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு அண்டைக்கே தெரியுமா சேர்?"

தெரியாது. அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். ஆனாலும் எல்லாம் அறிந்தவனைப் போலத் தலையாட்டிவிட்டு, தெரிவுத் தாளில் மூன்றாவது கையெழுத்தைப் போட்டவன் நான்தான்.