கிணறு அளக்கும் பச்சியப்பன்

"வவுத்துல படு. தலை மட்டும் வெளிய இருக்கட்டும். எந்திரிச்சே, கயித்தைப் புடுங்கிடுவேன்."

கிணற்று விளிம்பில் குப்புறக் கிடக்கும் சிறுமியின் இடுப்பில் ஒரு துண்டு. அதன் மறுமுனை பச்சியப்பன் வாத்தியாரின் மணிக்கட்டில் இரண்டு சுற்று. அவள் கயிற்றை இறக்குகிறாள். நுனியில் கல், முழத்துக்கு ஒரு முடிச்சு. கல் தண்ணீரைத் தொடும் சத்தத்துக்காக மற்றப் பிள்ளைகள் மூச்சை அடக்கி நிற்கிறார்கள். யாராவது இருமினால் கயிறு மேலே வந்து மறுபடியும் இறங்கும்.

காரிமங்கலத்துக்கு மேற்கே உள்ள ஓராசிரியர் பள்ளி அவருடையது. பாடத்திட்டத்தில் 'இயற்கைப் பாடம்' என்று ஒரு வரி உண்டு. மற்ற வாத்தியார்கள் அதற்கு அட்டையில் இலை ஒட்டுவார்கள். இவர் வியாழன்தோறும் ஊரின் ஏழு கிணறுகளையும் அளக்கிறார். தண்ணீர் எத்தனை முழத்தில், கரையில் என்ன பூச்சி, எந்த மரம் இலை உதிர்க்கிறது என்று எல்லாம் பென்சிலால் ஒரு நோட்டில் ஏறும். "நீ சொன்னே, சரி. இன்னொருத்தன் எறக்கிச் சொல்லட்டும்" என்பார். எண்ணும்போது உதடு அசையும்; அப்போது வணக்கம் சொன்னால் காதில் விழாது. அதைக் கர்வம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு வருடம் யாரும் தடுக்கவில்லை. இந்த மாசியில் சந்தையில் ஒரு பேச்சு கிளம்பியது. கிணற்றுக்கும் வரி வரப்போகிறதாம். அளந்து எழுதி அனுப்ப ஆள் வைத்திருக்கிறார்களாம். மறுநாளே சில பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நின்றார்கள். இருபத்திரண்டு பேர் பதினாறானார்கள். பதினைந்துக்குக் குறைந்தால் பள்ளியை எடுத்துவிடுவதாக மேலிடத்துக் கடிதம் மேசையில் கிடந்தது. அந்த வியாழனும் அவர் கயிற்றோடு கிளம்பினார். அவரைப் பார்க்க வந்திருந்த நானும் கூடப் போனேன்.

நாலாவது கிணறு சென்றாயனுடையது. ஐந்தாறு பேரோடு அவர் முன்னதாகவே வந்து நின்றிருந்தார்.

"என்ன வாத்தியாரே, கிணத்துக்குச் சட்டை தெக்கப் போறீங்களா?" என்றார் கூட்டத்திலிருந்த கருப்பண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். சென்றாயன் சிரிக்கவில்லை.

"யாருக்கு எழுதி அனுப்பற?" மரியாதை போய்விட்டிருந்தது.

"யாருக்கும் இல்லீங்க. புள்ளைங்க பாடம்."

"நோட்டைக் கிணத்துல போடு. இல்லேன்னா நாளைக்கு ஒரு புள்ளகூட உன் பள்ளிக்கூடத்துல கால் வைக்காது."

வாத்தியார் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, சென்றாயனின் மகள் பாஞ்சாலியிடம் அதை நீட்டினார். "சத்தமா படி, கண்ணு."

அவள் விரல் வைத்துப் படித்தாள். "சென்றாயன் கிணறு. போன மாசி, பன்னிரண்டு முழம். இந்த மாசி, பதினேழு முழம்."

"தண்ணி எறங்கறது எறைக்கற மாட்டுக்கே தெரியும், அதுக்கு நோட்டு வேணுமா?" என்றார் சென்றாயன். "எம் பேரு எதுக்கு அதுல? காயிதத்துல பேரு ஏறி எங்க வூட்டுக்கு எந்தக் காலத்துலயும் நல்லது வந்ததில்ல. பேரை எடுத்துட்டு அளந்துக்க."

வாத்தியாருக்கு அப்போதுதான் புரிந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து தேய்த்தார்.

"அப்போ எந்தக் கிணறுன்னு எப்படி சார் தெரியும்?" என்றாள் பாஞ்சாலி.

அவர் கரையில் நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தார். பெயர் இருந்த இடத்தில் சிறியதாக ஒரு புங்க மரம் வரைந்தார். அடுத்த கிணற்றுக்கு, "அத்தி சார்!" என்று பிள்ளைகளே சொன்னார்கள். நூறு வியாழன்; ஒவ்வொன்றிலும் ஏழு பெயர். ஒரு மனிதரும் நகரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் சென்றாயன் கேட்டார்: "இன்னும் இருக்குதா?" மகள் குனிந்து பார்த்துச் சொன்னாள்: "இல்லப்பா." ரப்பர் இரண்டாக உடைந்தது. துணுக்கை நகத்தால் அழுத்தித் தேய்த்தார்.

கடைசிப் பக்கமும் முடிந்தது. நோட்டை மூடினார். அட்டையில் முத்து முத்தான எழுத்தில் 'ஆ. பச்சியப்பன், ஆசிரியர்' என்றிருந்தது. அதை அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்த துணுக்கை அதன்மேல் வைத்து அவர் தேய்க்கத் தொடங்கினார்.