சந்தை நாளில் ஆபீஸ் பயணம்

மூன்று வருடம் வீட்டிலிருந்து பார்த்த வேலையை இனி தினமும் ஆபீஸுக்கு வந்துதான் பார்க்க வேண்டுமாம். மேனேஜர் உத்தரவு.

இன்று வழியில் வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை. மாடு ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே பஸ் முக்கால் மணி நேரம் நகரவே இல்லை.

பக்கத்து சீட்டில் ஒரு மாட்டு வியாபாரி.
"ஏனுங் அம்முணி, தெனமும் கோயமுத்தூர் போறீங்களா?"

"ஆமாங்க. கண்ணுல பாத்தாத்தான் வேலை செய்யறேன்னு நம்புவாங்களாம்."

"மாடு வாங்கறப்ப நாங்களே ஒருக்காத்தானுங்க பல்லைப் புடிச்சுப் பாப்போம். அப்புறம் தெனமுமா பாக்கறோம்?"

அரக்கப் பரக்க ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் வீடியோவில் வந்தார், அவர் வீட்டிலிருந்து! பின்னால் குக்கர் விசிலடிக்கிறது.

"ஏன் லேட்?" என்கிறார்.

நாளைக்கு அந்த வியாபாரியை இவர் வீட்டுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். பல்லைப் பிடித்துப் பார்க்கட்டும்.

வேறு யாருடைய மேனேஜர் வீட்டுக்காவது அனுப்ப வேண்டுமா?